மணிக்கட்டைப் பிடித்த கை

சாயங்காலத்துக்குள் வந்துவிடுவார்கள் என்று பால்வாடி டீச்சர் சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் என்றால் எந்தச் சாயங்காலம். வெயில் எதிர்வீட்டுச் சுவரை விட்டு இறங்குகிறபோதா, தெருக்குழாயில் குடத்தோடு குடம் மோதுகிறபோதா. கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன், ஆட்டியதும் அவர் போய்விட்டார், தலையை ஆட்டினால் எல்லோரும் போய்விடுகிறார்கள். தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருக்கிறேன். இலையை எடு, தூளை வை, உருட்டு, நூலைக் கட்டு, தலைப்பை நகத்தால் மடக்கு, போடு. கைக்கு நான் வேண்டியதில்லை, அது பாட்டுக்கு ஓடும், அதனால்தான் மனசு எங்கேயாவது போய் முள்ளில் சேலை மாட்டினதுபோல மாட்டிக்கொள்கிறது. வருகிறவர் பேச்சு வராத பிள்ளைகளை, நடை வராத பிள்ளைகளைப் பார்க்கிற டீச்சராம். அந்த மாதிரிப் பிள்ளைகளுக்குன்னே இருக்காங்கம்மா என்றார் பால்வாடி டீச்சர். அந்த மாதிரி என்கிற இடத்தில் குரலை இறக்கினார், தூங்குகிற ஆளைத் தாண்டிப் போகிறவர்போல. தர்ஷி மூலையில் உட்கார்ந்து இலைக்கழிவை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். வெட்டினது போக மிச்சம் விழுகிற ஓரத்து நறுக்கு, ஒன்றுக்கும் ஆகாது, அடுப்புக்குத்தான். அதை அவள் நரம்பெல்லாம் ஒரே பக்கம் பார்க்க, ஒன்று இன்னொன்றைத் தொடாமல், சுவரிலிருந்து அம்மி வரைக்கும் வரிசையாக வைத்திருக்கிறாள். காற்று ஒன்றைப் புரட்டினால் உடனே தெரியும், போய்த் திருப்பி வைப்பாள். நாலு வயசு முடியப்போகிறது. தர்ஷி என்கிறேன். திரும்பவில்லை. தர்ஷிம்மா. இலையைத் திருப்பி வைக்கிறாள். ஒருவேளை மெதுவாகச் சொல்லிவிட்டேனோ. என் குரல் எனக்கே பாதிதான் கேட்கிறது.

அத்தை, என் மாமியார், பீடிக் கடைக்குப் போயிருக்கிறாள், கட்டுகளைக் கொடுத்துவிட்டுப் புது இலையும் தூளும் வாங்கிவர. போகும்போது வாசலில் நின்று கோழியிடம் சொல்லிவிட்டுப் போனாள். அத்தை என்னிடம் நேரே பேசமாட்டாள். கோபம் என்றில்லை, நேருக்கு நேர் பேசினால் சண்டையாகிப்போகும் என்று ஒரு எண்ணம், அதனால் எனக்குச் சொல்லவேண்டியதையெல்லாம் கோழியிடம் சொல்வாள், கோழி இல்லாவிட்டால் அடுப்பிடம். உப்புக் கூடினால் கோழிக்குத்தான் ஏச்சு. நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் இருந்த கோழி குழம்பாகிப் போய்விட்டது, இது அதன் பேத்தியோ என்னவோ, அதுவும் எனக்கு வரவேண்டிய ஏச்சை வாங்கிப் பழகிவிட்டது. இன்றைக்குக் கோழியிடம் சொன்னாள், "ஏ கோழி, வாரவ கேட்டா, அம்மாங்கா, அப்பாங்கா, சோறுங்கா, எல்லாஞ் சொல்லுதான்னு சொல்லணும். நாக்கு வளைய நாளாகும், எங்க வீட்டுக்காரரே அஞ்சு வயசுலதான் பேசுனாருன்னு சொல்லணும். கொமரு ஒண்ணு வீட்ல நிக்கி. தையில அவ கழுத்துல தாலி ஏறுத வரைக்கும் எந்த நாயும் வாயத் தொறக்கக் கூடாது, ஆமா." கோழி, நாய், நான். குமரு என்றது மாரிச்செல்வியை, என் நாத்தனார். கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீடு வந்து பூ வைத்துவிட்டுப் போயிருக்கிறது. அன்றைக்குத் தர்ஷியைப் பக்கத்து வீட்டு ஆவுடையக்காளிடம் விட்டுக் கதவைச் சாத்தியிருந்தோம். மாப்பிள்ளையின் அம்மா கேட்டது, எங்க ஒங்க பேத்தி என்று. தூங்குதா என்றாள் அத்தை. மாரிச்செல்வி என்னைப் பார்த்தாள், அவள் கண் கெஞ்சியது, அவளும் பாவம்தான், டவுனில் துணிக்கடையில் நாளெல்லாம் நின்று கால் வீங்கி வருகிறாள், அவளுக்கும் ஒரு வீடு வேண்டாமா. நான் காப்பித் தட்டை நீட்டினேன். தூங்குகிறாள்தான் என்று தலையை ஆட்டினேன்.

ஒன்றும் தெரியாமல் இல்லை. தெரிந்த நாள் எது என்று கேட்டால் சொல்லத் தெரியாது, வெல்லத்தில் எறும்பு ஏறுகிறது மாதிரி ஏறியது. முதலில் பெருமையாகத்தான் இருந்தது, அதுதான் இப்போது உறுத்துகிறது. இந்தத் தெருவில் பீடி சுற்றாத வீடு கிடையாது, சுற்றுகிற வீட்டில் பிள்ளை என்றால் தட்டைக் கவிழ்க்கும், தூளை அள்ளிக் கண்ணில் போட்டுக்கொள்ளும், கத்தரியை எடுக்கும், நூலைச் சிக்கலாக்கும். ஆவுடையக்காள் தன் மகனை ஜன்னல் கம்பியில் சேலைத் தலைப்பால் கட்டிப்போட்டுச் சுற்றியவள். என் பிள்ளை ஒன்றும் செய்யாது. இடுப்பு நின்று உட்கார்ந்த நாளிலிருந்து நூல்கண்டைக் கையில் கொடுத்தால் போதும், உருட்டி உருட்டி அதையே பார்த்துக்கொண்டிருக்கும், பசித்தால்கூட அழாது. "எளா பேச்சி, என்ன வரம் வாங்கிட்டு வந்த, ஒம்பிள்ளய மாதிரி ஒண்ணு எனக்குப் பொறக்கலியே" என்று தெருவே சொன்னது. இவளைக் காட்டியே மற்றப் பிள்ளைகளை அடித்தார்கள், பாரு அது எப்படி இருக்கு, ஒரு சத்தம் உண்டுமா என்று. கண்ணுபடும் என்று அத்தை மிளகாய் சுற்றிப் போட்டாள். நானும் கன்னத்தில் மை வைத்தேன். சத்தம் இல்லாததற்குத் திருஷ்டி கழித்தோம். அந்தச் சத்தத்துக்காக இப்போது எத்தனை கோயில். சாத்தா கோயில் மணியைக் கழுவி அந்தத் தண்ணீரைப் புகட்டினால் பேச்சு வரும் என்று அத்தைதான் கூட்டிக்கொண்டு போனாள். பூசாரி மணியை அடித்தார், தர்ஷி தண்ணீரைக் குடிக்கவில்லை, மணியைப் பிடித்துக்கொண்டாள், அடித்த மணி அடங்கும்போது உள்ளே ஒரு நடுக்கம் ஓடுமே, அதைக் கன்னத்தை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். சிரித்தாள். பூசாரி திரும்பவும் அடித்தார், திரும்பவும் கன்னத்தை வைத்தாள். பின்னால் வரிசை நின்றது. அத்தை இழுத்தாள், அப்போது போட்டாளே ஒரு கூச்சல், அதுதான் நான் கேட்டதிலேயே அவளுடைய பெரிய குரல். எல்லோரும் பார்த்தார்கள். மணி தண்ணிக்குப் பேச்சு வரும்னாவ, கூப்பாடுல்லா வந்திருக்கு என்று வரிசையில் யாரோ சொன்னார்கள், சிரித்தார்கள், எனக்குத் தரை பிளக்கவேண்டும்போல இருந்தது. அப்புறம் வசம்பைச் சுட்டுத் தேனில் இழைத்து நாக்கில் தடவினோம். நாக்கு புண்ணானதுதான் மிச்சம்.

காது கேட்காது என்றும் சொல்லமுடியாது. ஐஸ் வண்டி மணி தெருமுனையில் அடித்தால் இங்கே எழுந்து நிற்கிறாள். குக்கர் விசில் வந்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டுகிறாள், அதனால் நான் குக்கரை எடுத்துப் பரணில் போட்டுவிட்டேன், பானையில்தான் வடிக்கிறேன். பேரைச் சொன்னால்தான் திரும்பமாட்டாள். பேர் சரியில்லையோ. தர்ஷிகா என்று அவர்தான் வைத்தார், கோட்டயத்தில் வேலை பார்க்கிற பேக்கரியில் முதலாளி மகள் பேர். இங்கே யாருக்கும் அது வாயில் நிற்கவில்லை. அத்தை தச்சி என்கிறாள், ஆவுடையக்காள் தர்சியா என்கிறாள், பால்வாடியில் தர்ஷிகா எம் என்று கூப்பிடுகிறார்கள், நான் மனசுக்குள் எப்போதும் குஞ்சு என்றுதான் சொல்கிறேன், வெளியே சொன்னதில்லை. இத்தனை பேரில் எது தன் பேர் என்று பிள்ளைக்குக் குழம்பாதா. இப்படி நினைத்து ஒரு வாரம் நிம்மதியாக இருந்தேன். ஒவ்வொரு நினைப்பும் கொஞ்ச நாளைக்குத் தாங்கும், பிறகு ஓட்டை விழும். பால்வாடியில் சின்னப் பிள்ளை ஒன்று, மூக்கு ஒழுக ஒழுக, தன் அம்மாவிடம் என்னைக் காட்டி, "அது தர்ஷிகா அம்மா" என்றது. என் பிள்ளை என்னைக் காட்டிச் சொல்லாததை எவள் பிள்ளையோ சொன்னது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்தக் குரல் பின்னாலேயே வந்தது.

இல்லை, பேர் இல்லை, நான்தான். உள்ளே எங்கேயோ இது எப்போதும் தெரியும், நான்தான் என்று. பேச்சியம்மாள் என்று பேரை வைத்துக்கொண்டு வாயைத் திறக்காதவள் என்று ஊரில் சின்ன வயசிலிருந்தே கேலி. ஆறாம் வகுப்பில் எழுந்து நின்று வாசி என்றார் சார். அந்த வரி எனக்குத் தெரியும், முந்தின நாளே மனப்பாடம், எழுத்தெல்லாம் கண்ணுக்குள் நிற்கிறது, வாய்தான் திறக்கவில்லை. தொண்டைக்குழியில் யாரோ கட்டைவிரலை வைத்து அமுக்குகிறதுபோல. வகுப்பே திரும்பிப் பார்த்தது. அத்தனை கண். சார் காத்திருந்தார், நல்லவர்தான், அடிக்கவில்லை, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி உட்காரு என்று அடுத்தவளைச் சொன்னார். அதற்குப் பிறகு என்னைக் கேட்கவேயில்லை. பக்கத்தில் ஒரு பிள்ளை இருந்தாள், வாயோரம் எச்சில் ஒழுகும், அவளையும் கேட்கமாட்டார்கள், நாங்கள் இரண்டு பேரும் கதவோரத்தில். அவள் ஒரு நாள் வரவில்லை, பிறகு வரவேயில்லை, எங்கே என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வருசப் பரீட்சைக்கு நானும் போகவில்லை. அந்த இடம்தான் எனக்குப் பயம். கதவோரம். தர்ஷியைப் பால்வாடியில் எங்கே உட்கார வைத்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பேன், கதவுப் பக்கமா என்று. கல்யாணமாகி வந்த வீட்டிலும் எனக்குப் பேச ஆள் இல்லை. அவர் மாதத்துக்கொருதரம் வருவார், போனில் சாப்பிட்டியா என்பார், ம் என்பேன், பிள்ளை என்ன செய்யுது என்பார், இருக்கா என்பேன், பேசச் சொல்லேன் என்பார், தூங்குதா என்பேன். அத்தை பேசுவது கோழியிடம், அதற்கு நான் பதில் சொல்லவேண்டியதில்லை. விடிந்ததிலிருந்து பொழுது அடைகிற வரைக்கும் இந்த வீட்டில் நானும் அவளும் இலையும். நான் ஒரு சொல் சொல்லியிருப்பேனா. தட்டு, நூல், இலை என்று ஒன்றுக்காவது பேர் சொல்லியிருப்பேனா. கேட்காத சொல்லைப் பிள்ளை எங்கிருந்து எடுக்கும். என் வயிற்றிலேயே என் ஊமையைக் குடித்துவிட்டு வந்திருக்கிறாள். இதைத்தான் வருகிற டீச்சர் கண்டுபிடித்துச் சொல்லப்போகிறார். பிள்ளையைப் பார்க்கமாட்டார், என்னைத்தான் பார்ப்பார்.

இப்போது எழுந்து வருகிறாள். வரிசையை மிதிக்காமல் சுற்றி வந்து என் மணிக்கட்டைப் பிடிக்கிறாள். நூல் அறுகிறது, போகட்டும். இது ஒன்று எனக்கு உண்டு. யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்கு ஏதாவது வேண்டுமென்றால் என் விரலை இல்லை, மணிக்கட்டைத்தான் பிடிப்பாள், வளையலுக்கு மேலே, அவள் கை முழுசும் சுற்றிவராது, பாதிதான் வரும், சூடாக இருக்கும். பிடித்து இழுத்துக்கொண்டு போய் என் கையைத் தண்ணீர்ப் பானைமேல் வைப்பாள். டப்பாமேல் வைப்பாள். கதவுத் தாழ்ப்பாள்மேல் வைப்பாள். அத்தை கையைப் பிடிக்கமாட்டாள், அவர் வந்தால் அவர் பக்கமே போகமாட்டாள். என் கையைத்தான். அம்மா என்று சொல்லாவிட்டால் என்ன, இதுதான் அம்மா என்று நினைத்துக்கொள்வேன். இத்தனை சூடாக ஒரு ஆள் என்னைப் பிடிக்கிறது. இழுப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும், எழுந்து வருகிற நடையிலேயே தெரியும், பாதி நாள் அவள் பிடிப்பதற்குள் டம்ளரை நீட்டிவிடுவேன். இப்போதும் தண்ணீர்தான். கொடுக்கிறேன். குடிக்கிறாள், என்னைப் பார்க்கவில்லை, டம்ளரின் விளிம்பைப் பார்க்கிறாள், போய்விட்டாள். மணிக்கட்டில் சூடு கொஞ்ச நேரம் நிற்கும்.

வாசலில் நிழல். செருப்பைக் கழற்றுகிற சத்தம். பேச்சியம்மா வீடுதானே இது என்று ஒரு குரல், நான் எழுந்ததில் மடியிலிருந்து தூளெல்லாம் கொட்டியது. நடுத்தர வயசு, காட்டன் சேலை, தோளில் துணிப்பை, நடந்து வந்த வேர்வை. "நான் ரெஜினா. பால்வாடி டீச்சர் சொன்னாங்கல்ல. கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா, வெயிலு மண்டையப் பொளக்கு" என்றார். தண்ணீரைக் கொடுத்துவிட்டு நாற்காலி எடுக்கப் போனேன், அதற்குள் தரையில் உட்கார்ந்துவிட்டார், அதுவும் தர்ஷியின் வரிசைக்கு இந்தப் பக்கம், தொடாமல். "இது யாரு போட்ட வரிச, இவ்வளவு நேரா" என்றார், பாராட்டுகிற மாதிரியும் இல்லை, குறை சொல்கிற மாதிரியும் இல்லை. என்னை ஒன்றும் கேட்கவில்லை. நான் மனசுக்குள் அம்மாங்கா, அப்பாங்கா, சோறுங்கா என்று ஆறாம் வகுப்பு வரிபோலச் சொல்லிப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அவர் பையிலிருந்து சோப்புத் தண்ணீர்ப் புட்டியை எடுத்தார், வளையத்தை முக்கி ஊதினார். நுரை முட்டைகள் கிளம்பிக் கதவு வெளிச்சத்தில் போயின. தர்ஷி எழுந்துவிட்டாள். குதித்தாள். கையைப் பறவைபோல அடித்துக்கொண்டாள், சந்தோசம் வந்தால் அப்படித்தான், அத்தை பார்த்தால் கையைப் பிடித்து இறக்கிவிடுவாள், டீச்சர் இறக்கவில்லை. முட்டைகள் உடைந்து தீர்ந்தன. டீச்சர் புட்டியை இறுக மூடி மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். என் கை துடித்தது, வாங்கித் திறந்து கொடுத்துவிடலாமா என்று. அவர் சும்மா இருந்தார். தர்ஷி வரிசையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். வந்து டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்தாள். கடிகாரத்துக்கு மேலே. பாதி சுற்றிய அந்தக் கை. முகத்தைப் பார்க்கவில்லை, அந்தக் கையைத் தூக்கிக்கொண்டு போய்ப் புட்டிமேல் வைத்தாள்.

என்னவோ அறுந்தது எனக்கு. அந்தப் பிடி என்னுடையது என்று நினைத்திருந்தேன். வந்து கால்மணி நேரம்கூட ஆகவில்லை, பேர் தெரியாது, ஊர் தெரியாது, அந்த டீச்சர் கையையும் அதே இடத்தில், அதே சூட்டில் பிடித்திருப்பாள். அப்படியென்றால் நான் யார். தண்ணீர் எடுக்கிற கை. தாழ்ப்பாள் திறக்கிற கை. அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன், மூக்கைச் சேலையில் துடைத்தேன். டீச்சர் ஊதினார், நிறுத்தினார், மறுபடியும் பிடிக்கவைத்தார், ஊது ஊது என்று அந்த ஒரு சொல்லையே சொன்னார். பிறகு, பார்க்காமலேயே கேட்டார். "உங்ககிட்டயும் இப்படித்தான் கேப்பாளா?" கேப்பாளா. கேட்கிறாள் என்று அவர் சொன்னது எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. "இது கேக்கிறதும்மா. வாயால கேக்கத் தெரியல, கையால கேக்கா. ஒண்ணுமே கேக்காம மூலையில கெடக்கிற பிள்ளைங்களப் பாத்திருக்கேன். ஒரு ஆளத் தேடி வந்து கையப் பிடிச்சா நடக்கும்னு இவளுக்குத் தெரிஞ்சிருக்கே, அத யாரு கத்துக் குடுத்தா? நீங்கதான். இங்கருந்துதான் நாம தொடங்கணும்." அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது. "உங்கள எப்படிக் கூப்பிடுவா?" அம்மாங்கா. சொல் நாக்கு நுனியில் இருக்கிறது, ஒரு தலையாட்டலே போதும், ஆட்டினால் இவரும் போய்விடுவார், தை வரும், மாரிச்செல்வி கழுத்தில் தாலி ஏறும், தர்ஷி அந்த மூலையிலேயே வரிசை போட்டுக்கொண்டிருப்பாள். டீச்சர் காத்திருந்தார். சரி உட்காரு என்று சொல்லவில்லை, அடுத்தவளிடம் போகவில்லை, அடுத்தவள் யாரும் இல்லை. தொண்டையில் அந்தக் கட்டைவிரல். அவர் புட்டியை மடியில் வைத்துக்கொண்டு தர்ஷிக்குக் காத்திருந்த மாதிரியே எனக்கும் காத்திருந்தார். "கூப்பிடல டீச்சர்" என்றேன். "ஒரு தடவகூடக் கூப்பிடல." என் குரல் இந்த வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது, யாரோ பேசுகிறார்களே என்று இருந்தது.

அதற்குப் பிறகு அடக்கமுடியவில்லை, குழாய் திறந்தமாதிரி ஆகிவிட்டது. குக்கர், ஐஸ் வண்டி, மணி, வசம்பு, பேர், எல்லாம் தாறுமாறாகச் சொன்னேன். கடைசியாகத்தான் கேட்டேன், நான் பேசாததனாலயா டீச்சர். அவர் முதல்முறையாக என் முகத்தை நேரே பார்த்தார். "இல்லம்மா. வாயாடி அம்மாக்களுக்கும் இப்படிப் பிள்ளைங்க இருக்கு. நீங்க பேசாததால இது வரல. ஆனா நீங்க பேசினா அவளுக்கு ஒத்தாச." இரண்டும் வேறு வேறு என்று எனக்கு இதுவரை தோன்றவில்லை. இது என்ன நோய், பேர் என்ன என்றேன். அதை டாக்டர் பார்த்துத்தான் சொல்லவேண்டும், காதையும் ஒருதடவை சோதிக்கவேண்டும் என்றார், ஆனால் பேர் தெரிகிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டாம் என்றார். வியாழக்கிழமை டவுன் மையத்துக்கு வரச் சொன்னார், பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மேடம் அன்றைக்குத்தான் வருவார்களாம். தை முடியட்டுமே என்றேன். வீட்டில் ஒரு கல்யாணம். டீச்சர் தர்ஷியைப் பார்த்தார். "தை வரைக்கும் அவ வளராம நிப்பாளாம்மா?" என்றார். செய்யவேண்டியதை எழுந்து செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னார், பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. அவ எதப் பாக்காளோ, எதத் தொடுதாளோ, அதோட பேரச் சொல்லுங்க. நீளமா வேண்டாம், ஒரு சொல்லு, ரெண்டு சொல்லு. கையப் பிடிச்சா ஒடனே குடுத்துராதீங்க, ஒரு மூச்சு விடுங்க, பேரச் சொல்லிட்டுக் குடுங்க. நாள் முழுக்கப் பேசுங்க. நாள் முழுக்க. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. மலையைத் தூக்கு என்று சொல்லியிருந்தால் தூக்கியிருப்பேன்.

போய்விட்டார். வீடு பழையபடி ஆகிவிட்டது, இல்லை, பழையபடியைவிட வெறிச்சென்று. கொட்டின தூளைக் கூட்டி அள்ளினேன். தட்டை மடியில் வைத்தேன். அத்தை வருவதற்குள் சுற்றி முடிக்கவேண்டியது கிடக்கிறது. இலையை எடுத்தேன். இலை என்று சொல்லவேண்டும். யாருமில்லாத வீட்டில் வாய்விட்டுப் பேசினால் பைத்தியம் என்பார்கள். யாருமில்லாத வீடா. மூலையில் அவள் இருக்கிறாளே, நானே அவளை ஆளாகக் கணக்கு வைக்கவில்லையா. "இலை" என்றேன். கரகரவென்று வந்தது. தர்ஷி திரும்பவில்லை. "இது இலை. இது நூலு. தர்ஷி இலை வைக்கா. அம்மா பீடி சுத்துதேன்." அம்மா. அந்தச் சொல்லை எனக்கு நானே சொல்லிக்கொண்டது இதுதான் முதல். வெட்கமாக இருந்தது, கல்யாணத்தன்று அவர் பேரைச் சொல்லச் சொன்னபோதுகூட இத்தனை வெட்கம் இல்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். "குஞ்சு. எங்குஞ்சு இலை வைக்கா." சுவரில் டொம் டொம் என்று தட்டல், அந்தப் பக்கத்திலிருந்து ஆவுடையக்காள். "எளா பேச்சி, யாருகிட்டளா பேசுத? ஆளு வந்திருக்கா?" கை நின்றது. எப்போதும்போல ஒன்றும் இல்லைக்கா என்று சொல்லிவிடலாம். "எம்மவகிட்டக்கா" என்றேன். "அதுக்கு என்னத்த வெளங்கப்போவுது?" என்றாள், கெட்ட எண்ணத்தில் இல்லை, அவள் பேச்சே அப்படி. "வெளங்கும்" என்றேன். விளங்குமா. தெரியாது. விளங்காமலே போய்விட்டால், வருசம் வருசமாக நான் இப்படிச் சுவருக்கும் இலைக்கும் பேசிப் பேசிக் கிழவியாகி, அவள் இதே மூலையில் வளர்ந்த பெண்ணாக உட்கார்ந்து, நான் போன பிறகு அந்தக் கை யாருடைய மணிக்கட்டைத் தேடும். இந்த இடத்தில்தான் மனசு எப்போதும் போய் முட்டும், முட்டினால் அதற்கு அந்தப் பக்கம் வழி கிடையாது. ஆனால் பேசிக்கொண்டே இருந்தால் அந்த இடத்துக்குப் போக நேரம் இல்லை, இலை, நூல், கத்தரி, எறும்பு, வெயில், இது எனக்குப் புதிதாக இருக்கிறது.

எழுந்து வருகிறாள். நடையிலேயே தெரிகிறது, தண்ணீர். டம்ளர் பக்கத்தில்தான் இருக்கிறது. கையைக் கட்டுப்படுத்திக்கொண்டேன். மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தச் சூடு. கேட்கிறாள், இது கேட்பது. இழுத்தாள், எழுந்து போனேன், பானைமேல் என் கையை வைத்தாள். மூச்சு விட்டேன். கொடுக்காமல் நிற்பது இத்தனை கஷ்டமா, மார் கட்டினபோது பால் கொடுக்காமல் இருந்தமாதிரி வலிக்கிறது. இன்னொரு தரம் என் கையை எடுத்து வைத்தாள், ம்ம் என்று சிணுங்கினாள். மொண்டு, டம்ளரை என் வாய்க்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்து, "தண்ணி" என்றேன். "தண்ணி." அவள் கண் டம்ளருக்கு வந்தது, விளிம்பில் நின்றது, பிறகு எறும்பு ஊர்கிறமாதிரி என் வாய்மேல் ஏறியது. என் உதடு அசைவதைப் பார்த்தாள். மணியின்மேல் கன்னத்தை வைத்துக் கேட்டாளே, அந்தப் பார்வை. சொல் ஒன்றும் வரவில்லை. கொடுத்தேன், குடித்தாள், போய்விட்டாள். நான்தான் பானையைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தேன்.

தெருவில் அத்தையின் செருப்பு இழுபடுகிற சத்தம். இலைப் பொதி தலையில் இருந்தால் அந்தச் சத்தம் இன்னும் கனமாக இருக்கும். கோழி இறக்கையை உதறிக்கொண்டு வாசலுக்கு ஓடியது. வாய் தானாக மூடப் பார்த்தது. அவளிடம் நேரே சொல்ல என்னால் இந்த ஜென்மத்தில் முடியாது, எத்தே, உண்மையைச் சொல்லிட்டேன் என்று, வியாழக்கிழமை போறேன் என்று. தட்டை எடுத்து மடியில் வைத்தேன். இலையை எடுத்தேன். தர்ஷியின் பக்கம் திரும்பிக்கொண்டேன். "தர்ஷி" என்றேன், ஆவுடையக்காள் வீடு வரைக்கும் கேட்கிற சத்தத்தில். "டீச்சர் வந்தாவ. அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டேன். எம்மவ இன்னும் பேசல, இனித்தான் பேசணும்னு சொல்லிட்டேன். வியாழக்கெழம நாம ரெண்டு பேரும் பஸ்ஸுல போறோம். பஸ்ஸு. சன்னலோரம் இருப்போம். யாரு பாத்தாலும் பாக்கட்டும். மாரிச்செல்வி அத்தைக்கு நல்லபடியாக் கல்யாணம் நடக்கும், அதுக்கும் நாம போவோம், ஒன்னய ஒளிச்சு வைக்க மாட்டேன்." வாசலில் செருப்புச் சத்தம் நின்றுவிட்டது. பொதியை இறக்குகிற சத்தம் கேட்கவில்லை. நிழல் மட்டும் உள்ளே நீண்டு தர்ஷியின் வரிசைமேல் விழுந்திருக்கிறது. தர்ஷி நிழலுக்குள் கையை விட்டு ஒரு நறுக்கைத் திருப்பி வைத்தாள். கோழி அத்தையின் காலைச் சுற்றிச் சுற்றி வந்து கெக்கெக்கென்றது, தலையைச் சாய்த்து நின்றது, ஏச்சுக்குக் காத்திருக்கிறமாதிரி. அத்தை கோழியிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த இலையை எடுத்தேன்.

"இலை" என்றேன்.